புத்தோவும் புட்டும்: மணிலா உணவுத் திருவிழாவில் கற்ற பாடம்

ஆய்வின்பொருட்டு மணிலாவில் தங்கியிருந்த ஒரு டிசம்பர் மாதத்தில், அந்நகரப் பூங்கா ஒன்றில் நடைபெற்ற உணவுத் திருவிழாவுக்குச் சென்றிருந்தேன். இவ்வகைத் தற்காலிகச் சந்தையைப் பிலிப்பைன்ஸ் மக்கள் ‘தியாங்கே’ என்பர். மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் சந்தையைக் குறித்த சொல், ஸ்பானியர் வழியாகப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து அங்கு நிலைபெற்றது.

ஒரு கடையில், கொதிக்கும் பாத்திரத்தின்மேல் மூங்கிற் குழல்கள் செங்குத்தாக நின்றன. ஊதா நிற அரிசிமாவு அவற்றில் ஆவியில் வெந்து வாழையிலையில் விழுந்தது. மேலே துருவிய தேங்காயும் நாட்டுச் சர்க்கரையும். பெயர் ‘புத்தோ பும்போங்’. தகாலோக் மொழியில் ‘பும்போங்’ என்றால் மூங்கிற் குழல். ஆய்வாளனுக்குரிய நிதானத்தை இழந்து, “இது எங்கள் புட்டு அல்லவா! பெயர்கூட எங்களுடையதுதான்” என்று கடைக்கார அம்மையாரிடம் சொல்லிவிட்டேன். அவர் புன்னகையுடன் கேட்டார்: “அப்படியா ஐயா? உங்கள் ஊரிலும் இதைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய விடியற்காலைகளில்தான் உண்பீர்களா?”

இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அங்கு டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள்கள் விடியலுக்கு முன் திருப்பலி நடைபெறும். அதை முடித்து வருவோர் தேவாலய வாசலில் வாங்கி உண்ணும் பண்டம் அது. நான் சொல்லின் மூலத்தைப் பேசினேன். அவர் பண்டத்தின் வாழ்வைப் பேசினார். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது உணவு வரலாற்றில் நாம் அடிக்கடி செய்யும் பிழை.

புத்தோவையே எடுத்துக்கொள்வோம். மலாய் மொழியிலும் ‘புத்து’ என்ற ஆவிப் பலகாரம் உண்டு. தென்னிந்தியக் கடல் வணிகத்தின் நெடிய வரலாற்றை நோக்கினால், சொல் அவ்வழியே பயணம் செய்திருக்கலாம் என்ற கருத்து பொருத்தமானதே. ஆனால் சொல் வந்ததால் சமையல் முறையும் உடன் வந்தது என்று முடிவுகட்ட இயலாது. 1521இல் மகெல்லனின் கப்பற்படையுடன் வந்த அந்தோனியோ பிகாபெத்தா, பலவான் தீவில் அரிசியை மூங்கிற் குழல்களில் சமைத்ததையும், மட்பாண்டச் சோற்றைவிட அது நெடுநேரம் கெடாதிருந்ததையும் பதிவுசெய்துள்ளார். நெல்லும் மூங்கிலும் உள்ள நாட்டில் அம்முறையை எவரிடமிருந்தும் கற்றிருக்கவேண்டும் என்பதில்லை.

அடுத்த கடையில் ‘அத்சாரா’ என்ற பப்பாளிக்காய் ஊறுகாய் இருந்தது. நம் ‘அச்சார்’ என்ற சொல்லின் உறவு வெளிப்படை. அதுவும் மலாய் மொழி வழியாகச் சென்றதே. பப்பாளியோ நடு அமெரிக்காவின் பயிர். 1565 முதல் 1815 வரை அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் காலத்தில் வந்தது. ஊறவைக்கும் காடி அத்தீவுகளின் தென்னை, கரும்பு ஆகியவற்றிலிருந்து கிடைப்பது. ஒரே சாடியில் மூன்று வரலாறுகள் உள்ளபோது, அதற்கு ஒற்றை உரிமையாளரைத் தேடுவது வீண்.

‘பன்சித்’ நூடுல்ஸும் ‘லும்பியா’ சுருளும் சீனாவின் ஹொக்கியன் மொழிப் பெயர்களைத் தாங்கியவை. இவற்றை ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’ என்ற இனிய தொடரால் விளக்குவது எளிது. ஆனால் மணிலாச் சீனர்கள் நகரமதிலுக்கு வெளியே பரியான் என்ற தனிக்குடியிருப்பில் வைக்கப்பட்டிருந்தனர். 1603இல் ஸ்பானியரும் அவர்தம் துணைப்படைகளும் ஆயிரக்கணக்கான சீனரைக் கொன்றனர். அதன்பின் நகரில் உண்ண உணவும் அணியக் காலணியும் கிடைக்கவில்லை என்று ஸ்பானிய அதிகாரி அந்தோனியோ தெ மோர்காவே எழுதியுள்ளார். உணவளித்தவரைக் கொன்ற நகரம், மீண்டும் அவர்களையே நாடியது. இதைச் சொல்லாத உணவு வரலாறு விளம்பரமாகவே எஞ்சும்.

நம்மவர் மிகவும் விரும்பும் கதை ‘காரே-காரே’ பற்றியது. 1762இல் பிரிட்டிஷ் படை சென்னையிலிருந்து புறப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் மணிலாவைக் கைப்பற்றியது. அப்படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். சென்னை நிர்வாகத்தைச் சேர்ந்த டாசன் டிரேக் மணிலாவின் ஆளுநரானார். 1764இல் பிரிட்டிஷார் வெளியேறியபோது சிப்பாய்களுள் சிலர் திரும்பவில்லை. அவர்தம் வழித்தோன்றல்கள் கையிந்தா என்ற ஊரில் வாழ்வதாக அங்கு நினைவுகூரப்படுகிறது. அவர்கள் சமைத்த கறியே காரே-காரே ஆயிற்று என்பர். ஒலி ஒற்றுமைக்கு அப்பால் இக்கூற்றுக்கு வலுவான சான்று இல்லை. அவ்வுணவின் குழம்புக்கு உடல் தருவது அமெரிக்க மூலமுடைய நிலக்கடலை. தொட்டுக்கொள்வது ‘பகோங்’ என்னும் இறால் விழுது.

சான்று கிடைத்தாலும், அதில் நாம் பெருமைப்பட என்ன இருக்கிறது? அச்சிப்பாய்கள் பண்பாட்டுத் தூதர்களாகச் செல்லவில்லை. பிறருடைய போருக்காகக் கூலிக்குக் கப்பலேறிய எளியவர்கள் அவர்கள். அவர்கள் அங்கமாயிருந்த படை மணிலாவைச் சூறையாடியது. ‘எங்கள் கறி கடல் கடந்து வென்றது’ என்று எழுதும்போது, சூறையாடப்பட்டவர்களும் தாயகம் திரும்பாத அம்மனிதர்களும் ஒருசேர மறைந்துவிடுகின்றனர்.

பிலிப்பைன்ஸ் உணவைக் குறித்து ஆழமாகச் சிந்தித்தவர் டோரின் பெர்னாண்டஸ் (1934–2002). வெளியிலிருந்து வந்த உணவு எவ்வாறு உள்நாட்டுணவாகிறது என்பதே அவரது முதன்மைக் கேள்விகளுள் ஒன்று. அதற்கான விடையின் ஒரு பகுதியைத் திருவிழாவின் ஒவ்வொரு மேசையிலும் கண்டேன். காடி, மீன்சாறு, கலமான்சி என்ற சிற்றெலுமிச்சை, மிளகாய் ஆகியவற்றை உண்பவர் தம் விருப்பப்படி கலந்து தொட்டுக்கொள்கிறார். அதன் பெயர் ‘சவ்சவன்’. சமைத்தவரிடத்தில் முடியாத சமையல் உண்பவரின் கையில் முடிகிறது. எங்கிருந்து வந்த உணவாயினும் அந்தக் கிண்ணத்தில் தோய்ந்தபின் அது அவர்களுடையது.

இறுதியாக ஒரு மாம்பழத் துண்டை உண்டேன். தகாலோக் மொழியில் அதன் பெயர் ‘மங்கா’. தமிழ் ‘மாங்காய்’, மலையாள ‘மாங்ஙா’ ஆகியவற்றோடு இச்சொல் மலாய் வழியாக உறவுடையது என்பதை மொழியியலார் பொதுவாக ஏற்பர். இங்கு நமக்கு உண்மையான தொடர்பு உண்டு. அதைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. மணிலாவிலிருந்து மாம்பழம் மெக்சிகோவுக்குச் சென்றது; அங்கு இன்றும் ஒரு வகைக்கு ‘மணிலா மாம்பழம்’ என்றே பெயர். மெக்சிகோ மக்கள் தமக்குக் கொடுத்தவரின் ஊரை நினைவில் வைத்தனர். அவருக்குக் கொடுத்தவரைத் தேடவில்லை.

இக்குறிப்பை வாசிக்கும் ஆய்வு மாணவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. களத்தில் ஓர் உணவைச் சந்திக்கும்போது, ‘இது எங்கிருந்து வந்தது’ என்ற கேள்வியைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். யார் சமைக்கிறார், எப்போது, எவரோடு உண்கிறார், எவருக்கு அது மறுக்கப்பட்டது என்பவற்றை முதலில் எழுதுங்கள். அந்த அம்மையார் என்னிடம் கேட்டதும் இதைத்தான். அவரது கேள்விக்குப் பின் இன்னொரு புத்தோ வாங்கினேன். இம்முறை அதைப் புட்டோடு ஒப்பிடாமல் உண்டேன்.