ஆலங்குச்சி முதல் ஓமம் வரை: பற்படலத்தை எதிர்த்த தாவரங்களின் வரலாறு



‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்ற பழமொழிக்கு விளக்கம் கேட்டால், நம்ம மாணவர்கள் பலர் வேல் என்பதை வேம்பு என்று எழுதிவிடுகிறார்கள். வேல் என்பது வேலமரம், அதாவது கருவேலம். வேம்பும் பல்துலக்கப் பயன்பட்டதுதான். ஆனால் பழமொழி சொல்வது துவர்ப்பு மிகுந்த ஆலையும் வேலையும்தான். முதலில் இதைத் திருத்திக்கொள்வோம்.

அடுத்து ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. இந்தக் குச்சிகள் உண்மையிலேயே வேலை செய்தனவா? “நம்ம முன்னோர்கள் எல்லாம் தெரிஞ்சுதான் செஞ்சாங்க” என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். “அதெல்லாம் அந்தக் காலம்” என்று மறுபக்கம் தள்ளிவிடுகிறார்கள். வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

பல்குச்சியின் காலம்

பழைய இந்திய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதை, பல்குச்சிகளைச் சுவையை வைத்து வகைப்படுத்துகிறது. கசப்பில் வேம்பு, துவர்ப்பில் கருங்காலி, இனிப்பில் இலுப்பை, கார்ப்பில் புங்கு ஆகியவை சிறந்தவை என்கிறது. நுண்ணுயிர் என்ற எண்ணமே தோன்றாத காலத்தில், நாக்குதான் ஆய்வுக்கூடம்.

நம்ம வட்டாரத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. கி.பி. 671இல் சீனாவிலிருந்து கடல் வழியே புறப்பட்ட பௌத்தத் துறவி யீ ஜிங், ஸ்ரீவிஜயத்தில் தங்கி, கெடா வழியாக இந்தியா சென்றார். இந்தியத் துறவிகள் காலையில் குச்சியின் ஒரு முனையை மென்று பல் துலக்கியதையும், பிறகு அதையே பிளந்து நாக்கை வழித்ததையும் விவரமாக எழுதினார். இந்தப் பழக்கத்தால் அங்கே பல்வலி அரிது என்றும் குறிப்பிட்டார். அந்த நூலை அவர் ஸ்ரீவிஜயத்திலிருந்துதான் சீனாவுக்கு அனுப்பிவைத்தார்.

அரபு நாடுகளில் இதே பணியைச் செய்தது மிஸ்வாக். மலாய்க்காரர்கள் இதைக் ‘காயு சுகி’ என்பார்கள். தமிழில் இந்த மரத்துக்குப் பெயர் உகாய். 1980களில் உலகச் சுகாதார நிறுவனமும், இந்தப் பழக்கம் உள்ள இடங்களில் இத்தகைய குச்சிகளைப் பயன்படுத்த ஊக்கம் தந்தது.

1683: கண்ணுக்குத் தெரிந்த எதிரி

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஆண்டனி வான் லீவன்ஹூக் என்ற துணி வணிகர் இருந்தார். தாமே தேய்த்துச் செய்த வில்லைகளால் எதையும் உற்றுப் பார்ப்பவர். தினமும் உப்பால் பல் தேய்க்கும் பழக்கம் உள்ளவர். அப்படியிருந்தும், பற்களுக்கு இடையில் மாவு போல் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி, தண்ணீரில் கலந்து பார்த்தார். உள்ளே எண்ணற்ற சிற்றுயிர்கள் அசைந்துகொண்டிருந்தன! 1683 செப்டம்பரில் இதை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார்.

அவர் அதோடு நிற்கவில்லை. திராட்சை மதுவிலிருந்து கிடைக்கும் காடியை அந்த உயிர்கள்மீது விட்டார். அவை செத்தன. அதே காடியால் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி சுரண்டிப் பார்த்தார். உயிர்கள் இன்னும் அசைந்தன. காடி வெளிப்புறத்தில் இருந்தவற்றை மட்டுமே கொன்றது, உள்ளே ஊடுருவவில்லை என்று முடிவு செய்தார்.

இந்த இடத்தை மாணவர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். கண்ணாடியில் கொல்லும் பொருள் வாயில் கொல்லும் என்று உறுதி இல்லை. ஏனென்றால் பற்படலம் தனித்தனிக் கிருமிகளின் கூட்டம் அல்ல. பிசின் போன்ற பொருளுக்குள் அவை சேர்ந்து வாழும் குடியிருப்பு.

எதிரிக்குப் பெயர் கிடைத்தது

பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், 1890இல் வெளிவந்த தம் நூலில் சொத்தையின் இயக்கத்தை விளக்கினார். வாயில் தங்கும் மாவும் சர்க்கரையும் கிருமிகளுக்கு உணவு. அவை வெளிவிடும் அமிலம் பல்லைக் கரைக்கிறது. 1924இல் இங்கிலாந்தில் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து ‘ஸ்டிரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்’ என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இது சாதாரண சர்க்கரையை வைத்தே ஒட்டும் பசையைத் தயாரித்துக்கொள்ளும்.

ஈறுநோய்க்கான சான்று 1965இல் வந்தது. டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் சரியானது.

ஓமத்தின் பயணம்

நம்ம பாட்டிமார் வயிற்றுவலிக்கு ஓமத்தண்ணீர் தருவாங்க. ஓமத்தின் அந்தக் கார மணத்துக்குக் காரணம் தைமால் என்ற பொருள். 1879இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜோசப் லாரன்ஸ் ஒரு கிருமிநாசினியை உருவாக்கி, அறுவை மருத்துவர் லிஸ்டரின் நினைவாக ‘லிஸ்டரின்’ என்று பெயரிட்டார். தைமால், யூகலிப்டஸ் மரத்தின் யூகலிப்டால், புதினா வகையின் மெந்தால், மெத்தில் சாலிசிலேட் ஆகிய நான்கும் இன்றும் அதில் உள்ளன. வாய் கொப்பளிக்கும் மருந்தாக அது உலகம் முழுதும் பரவியது.

முதல் உலகப் போருக்கு முன், ஜெர்மனி இந்திய ஓமத்தை இறக்குமதி செய்து அதிலிருந்து தைமால் எடுத்துவந்தது. 1914இல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. சமையலறை டப்பாவில் இருக்கும் பொருளுக்கு உலக வணிகத்தில் இப்படியும் ஓர் இடம் இருந்தது.

ஆனாலும் இது துலக்குவதற்கு மாற்று ஆகாது. கொப்பளிப்பது பல்லிடை நூலால் சுத்தம் செய்வதற்குச் சமம் என்ற விளம்பரத்தை, 2005இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தவறானது என்று தீர்ப்பளித்தது. லீவன்ஹூக்கின் காடிச் சோதனை ஞாபகம் வருதா?

கொல்வதா, ஒட்டவிடாமல் தடுப்பதா?

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வின் போக்கு மாறியது. 1996இல் வெளியான ஓர் ஆய்வில், வேப்பங்குச்சிச் சாறு அந்த அளவில் பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தவில்லை. ஆனால் அவை ஒட்டுவதையும் பசை தயாரிப்பதையும் குறைத்தது. 2000இல் கொரிய ஆய்வாளர்கள், நம்ம ஊரில் தெமுலாவாக் எனப்படும் மஞ்சள் இனக் கிழங்கிலுள்ள சாந்தோரைசால் ‘மியூட்டன்ஸை’க் கொல்வதைக் காட்டினார்கள். 2003இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெற்றிலைச் சாற்றையும் கொய்யா இலைச் சாற்றையும் சோதித்தார்கள். உமிழ்நீர் பூசிய கண்ணாடியில், பற்படலத்தைத் தொடங்கிவைக்கும் பாக்டீரியாக்கள் ஒட்டுவது குறைந்தது.

வெற்றிலை தரும் எச்சரிக்கை

“அப்போ வெற்றிலை போடுவது நல்லதா?” என்று வகுப்பில் ஒருவர் கட்டாயம் கேட்பார். இல்லை. ஆய்வுக்கூடத்தில் சோதித்தது இலைச் சாறு. தோட்டப்புறங்களில் நம்மவர்கள் மென்றது பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்த தாம்பூலம். புகையிலை சேர்க்காவிட்டாலும் வெற்றிலைப் பாக்கு புற்றுநோய் தரும் என்று, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட தொகுதி உறுதியாகச் சொல்கிறது. காரணம் பாக்கு. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடையே அதிகம் காணப்படுவதற்கு இந்தப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். ஒரு செடியில் நல்ல பொருள் இருக்கிறது என்பதால், அதைப் பயன்படுத்தும் எல்லா முறையும் நல்லது ஆகிவிடாது.

பல்லை அமிலத்திலிருந்து காப்பதில் ஃபுளோரைடுக்கு ஈடாக எந்த மூலிகையும் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. சிங்கப்பூர் 1950களிலேயே குடிநீரில் அதைச் சேர்த்தது. மலேசிய அமைச்சரவை 1972இல் ஒப்புதல் தந்தது.

ஆக, முன்னோர் சொன்னது பொய்யில்லை. முழு விடையும் இல்லை. குச்சியின் நார் தேய்த்தது, சாறு துணை நின்றது. அந்தத் துணை எவ்வளவு என்பதைத்தான் அறிவியல் இன்று அளந்துகொண்டிருக்கிறது.

வகுப்பறைக்கு

1. ‘வேல்’, ‘வேம்பு’ வேறுபாட்டை விளக்கிப் பழமொழிக்குப் பொருள் எழுதுக.
2. லீவன்ஹூக்கின் காடிச் சோதனை நமக்கு உணர்த்துவது என்ன?
3. பாக்டீரியாவைக் கொல்வதற்கும் ஒட்டவிடாமல் தடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
4. ‘இயற்கையானது எல்லாம் பாதுகாப்பானது’ என்ற கூற்றை வெற்றிலையைச் சான்றாகக் கொண்டு ஆராய்க.