கண்ணாடிப் பதக்கமும் காப்புச் சொற்களும்

கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளில், உரோமப் பேரரசின் கீழிருந்த சிரியா, பாலஸ்தீனப் பகுதிகளில் சிறு கண்ணாடிப் பதக்கங்கள் கழுத்தணியாக வழங்கின. இவை ஏறத்தாழ 2 செ.மீ. அளவின. உருகிய கண்ணாடித் துளியின் ஒரு முனையை இழுத்து மடக்கிக் கயிறு கோக்கும் வளையமாக்கினர். எஞ்சிய பகுதி இறுகுமுன் முத்திரை பதித்தனர். பொன்னும் மணியும் வாங்க இயலாதோர்க்கும் இவை எட்டின.

பிறையும் விண்மீனும் உடனமைந்த சிங்கம், தோளில் ஆட்டைச் சுமக்கும் ஆயன், ஏழு கிளை விளக்கு, சிலுவை முதலியன முத்திரைகளாக உள்ளன. செய்முறையோ ஒன்றே. ஆதலின், ஒரே வகைப் பட்டறைகள் பல சமயத்தார்க்கும் இவற்றைச் செய்து விற்றன எனக் கருதலாம். விளக்கு யூதரையும் சிலுவை கிறித்தவரையும் சுட்டும் என்பது ஏற்புடையதே. சிங்கம் யாரைச் சுட்டும்? எழுத்தும் இத்தகைய ஐயத்தை எப்போதும் தீர்ப்பதில்லை. அக்கால உலோகக் காப்பணிகளில் 'கடவுள் ஒருவரே' எனப் பொருள்படும் 'எயிஸ் தியோஸ்' என்னும் கிரேக்கத் தொடர் காணப்படுகிறது. கிறித்தவர், சமாரியர் ஆகிய இருசாரார் கல்வெட்டுகளிலும் இத்தொடர் உண்டு. எனவே தொடரை மட்டும் கொண்டு அணிந்தவரின் சமயத்தைத் துணிதல் பொருந்தாது.

இவ்வகை அணிகளுக்கு வழங்கிய பெயர்கள் மேலும் ஆராயத்தக்கன. கிரேக்கத்தில் 'பிலக்டேரியோன்' என்பது காத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. தமிழில் 'காப்பு' எனப் பெயர்த்தல் மிகப் பொருந்தும். 'பெரியப்டோன்' என்பதோ சுற்றிக் கட்டப்பட்டது எனப் பொருள்படும். எபிரேயத்தின் 'கமேயா' என்னும் சொல்லையும் கட்டுதற் பொருளுடைய வேரினின்று வருவிப்பர். ஒரு பெயர் பயனையும் ஏனையவை செயலையும் சுட்டுகின்றன.

இக்கட்டுதற் கருத்தையே திருச்சபை எதிர்வாதமாகத் திருப்பியது. 4ஆம் நூற்றாண்டில் ஆசியா மைனரின் லவோதிக்கேயாவில் கூடிய சங்கத்தின் 36ஆம் விதி, குருமார் காப்பணி செய்தலைத் தடுத்து, அவை அவர்தம் ஆன்மாவுக்கே தளைகள் என்றது. குருமாரே செய்து வந்தமையாலன்றோ இவ்விதி வேண்டப்பட்டது! அலெக்சாந்தரின் செப்புக் காசுகளைத் தலையிலும் காலிலும் கட்டியோரை யோவான் கிறிசோஸ்தோம் கடிந்தார். நோயுற்ற குழந்தைக்குக் காப்புக் கட்ட மறுத்து, அதன் இறப்பையும் ஏற்கத் துணிந்த தாயின் செயலை இரத்தசாட்சியத்துக்கு ஒப்பிட்டார். காப்புக்கு மாற்றாகச் சிலுவை அடையாளம் இடுமாறு பணித்தார். பட்டறையாளரோ அச்சிலுவையையே கண்ணாடியில் பதித்து, கயிறு கோக்க வளையமும் வைத்தனர்.