ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் வெந்நீர் எரிபொருள்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டம் வெப்பமான ஊர். இங்கு வீட்டைச் சூடாக்கும் தேவை எழவில்லை. சமையலுக்கும் வெந்நீருக்குமே எரிபொருள் வேண்டியிருந்தது.

பனைமட்டை, காவோலை, உடைமுள் ஆகியவை பழைய எரிபொருள்கள். பதநீர் காய்ச்சும் அடுப்புகளிலும் இவை எரிந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம், பின்னர் தென்மாவட்டங்களில் பரவி மலிவான விறகானது. வசதியுள்ள வீடுகள், நடுக்குழாயில் கரி எரியும் செம்பு பாய்லரை வைத்திருந்தன.

பொறுக்கிய விறகுக்குக் காசு தேவையில்லை. ஆனால் அதைச் சுமப்பதும் புகையை உள்ளிழுப்பதும் பெரும்பாலும் பெண்களே. 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வலா திட்டம், ஏழைக் குடும்பப் பெண்களின் பெயரில் எரிவாயு இணைப்பு வழங்கியது. உருளையை மீண்டும் நிரப்பப் பணம் வேண்டும் என்பதால், எரிவாயு வந்த பின்னும் வெந்நீருக்கு விறகடுப்பை வைத்துக்கொள்ளும் வழக்கம் கிராமங்களில் தொடர்கிறது.