அக்டோபர் ஒண்ணாம் தேதியும் நாலு ராணிகளும்

இந்த எபிசோடு ஒரு ட்ரிப் பிளானிங்கில் இருந்து ஆரம்பிக்குது.

நாங்க நாலு பெண்கள். நாலு பேருக்கும் அமெரிக்காவில் ஐ.டி. வேலை, நாலு பேர் கையிலும் இந்தியப் பாஸ்போர்ட். அக்டோபரில் வர்ற லாங் வீக்கெண்டுக்கு ஒரு கரீபியன் தீவுக்குப் போகலாம்னு முடிவாச்சு. பீச், ரிசார்ட், பட்ஜெட் எல்லாத்துக்கும் முன்னாடி வாட்ஸ்அப் குரூப்பில் வந்த கேள்வி ஒண்ணுதான்: “எந்தத் தீவுக்குப் போனா பிரச்சினை இல்லாம திரும்பி வரலாம்?”

எச்1பி-யில் இருக்கிறவங்களுக்கு இது புரியும். ஜமைக்காவுக்கோ பார்படாஸுக்கோ போறது ஈஸி. ஆனா பாஸ்போர்ட்டில் இருக்கிற அமெரிக்க விசா ஸ்டாம்ப் காலாவதியாகி இருந்தா, திங்கட்கிழமை ஆஃபீஸுக்குத் திரும்ப முடியாது. எங்களில் ரெண்டு பேருக்கு அதுதான் நிலைமை. அதனால் லிஸ்ட் ரொம்பச் சின்னதா ஆயிடுச்சு. ஒண்ணு போர்ட்டோ ரிக்கோ, இன்னொண்ணு யு.எஸ். விர்ஜின் ஐலண்ட்ஸ். ரெண்டும் அமெரிக்காவின் கையில் இருக்கிற இடங்கள் என்பதால் விசாவே வேண்டாம். விர்ஜின் தீவுகளில் செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் க்ராய்னு மூணு பெரிய தீவுகள் இருக்கு. கப்பல் கூட்டம் குறைவுன்னு செயின்ட் க்ராயைத் தேர்ந்தெடுத்தோம். அக்டோபர் புயல் சீசன், அதனால் டிக்கெட்டும் கொஞ்சம் சீப்.

சுமார் 215 சதுர கிலோமீட்டர்தான் அந்தத் தீவு. அதன் நடுவில் ஓடுற மெயின் ரோட்டின் பேர் குயின் மேரி ஹைவே. யாரோ இங்கிலாந்து ராணின்னுதான் யாருக்கும் தோணும். தேடிப் பார்த்தா, அது கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த ஒரு பெண்ணின் பேர். இன்னைக்கு அவங்க கதைதான்.

தரங்கம்பாடிக்கும் இந்தத் தீவுக்கும் ஒரே முதலாளி

நாகப்பட்டினம் பக்கம் ஸ்கூல் டூர் போனவங்க தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்திருப்பீங்க. டேன்ஸ்போர்க். 1620-ல் டென்மார்க்காரர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். அதே டென்மார்க் கரீபியனிலும் மூன்று தீவுகளை வைத்திருந்தது. முதலில் செயின்ட் தாமஸ், பிறகு செயின்ட் ஜான். 1733-ல் டேனிஷ் கம்பெனி பிரான்ஸிடமிருந்து செயின்ட் க்ராயை விலைக்கு வாங்கியது.

நம்ம கடற்கரைக்கும் அந்தத் தீவுக்கும் ஒரு நேரடிக் கணக்கும் உண்டு. இந்தியாவில் வாங்கிய பருத்தித் துணி கோபன்ஹேகனுக்குப் போனது. அதில் ஒரு பகுதி அங்கிருந்து ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரைக்குப் போனது. அங்கே மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த சரக்குகளில் துணி முக்கியமானது. வாங்கிய மனிதர்களைக் கப்பலில் ஏற்றி இந்தத் தீவுகளில் இறக்கினார்கள். திரும்பும்போது கப்பலில் சர்க்கரை.

தரங்கம்பாடியை டென்மார்க் 1845-ல் பிரிட்டிஷ்காரர்களுக்கு விற்றுவிட்டது. செயின்ட் க்ராயில் அடிமை முறை அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

விடுதலை, ஆனா டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்

1847-ல் டென்மார்க் அரசர் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். இனி பிறக்கிற குழந்தைகள் சுதந்திரமானவர்கள், மற்றவர்களுக்கு இன்னும் 12 வருஷம் கழித்து விடுதலை. பன்னிரண்டு வருஷம் காத்திருக்க யாரும் தயாராக இல்லை. 1848 ஜூலையில் தோட்டங்களில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஃப்ரெட்ரிக்ஸ்டெட் கோட்டை முன்னால் திரண்டு நின்றார்கள். ஜூலை 3-ம் தேதி கவர்னர் பீட்டர் ஃபான் ஷோல்டன், அடிமைகள் எல்லாரும் இன்று முதல் சுதந்திரமானவர்கள் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

பெரிய வெற்றி. ஆனால் ஏழு மாதம் முடிவதற்குள், 1849 ஜனவரி 26-ல், ஒரு தொழிலாளர் சட்டம் வந்தது. இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படிக்கணும்.

வேலை ஒப்பந்தம் வருஷக் கணக்கில். வருஷம் தொடங்குவது அக்டோபர் 1. வேலையை மாற்றணும்னா ஆகஸ்ட் மாதத்துக்குள் நோட்டீஸ் கொடுக்கணும். கொடுக்காவிட்டால் ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருஷத்துக்கு நீளும். ஆட்டோ-ரின்யூ! ஒரு ஓ.டி.டி. சப்ஸ்கிரிப்ஷனை கேன்சல் பண்ண மறந்தா நமக்குச் சில நூறு ரூபாய் போகும். அவங்களுக்கு ஒரு முழு வருஷம் போச்சு.

சம்பளமும் சட்டத்திலேயே எழுதியிருந்தது. முதல் வகுப்புத் தொழிலாளிக்கு நாளுக்கு 15 சென்ட், இரண்டாம் வகுப்புக்கு 10, மூன்றாம் வகுப்புக்கு 5. வாரம் ஐந்து நாள், சூரியன் உதிப்பதில் இருந்து மறைவது வரை. சொல்லாமல் லீவு போட்டால் அன்றைய கூலியும் போகும், அபராதமும் உண்டு. முதலாளியிடம் பேரம் பேச இடமே இல்லை, ஏன்னா பக்கத்துத் தோட்டத்திலும் இதே சட்டம், இதே ரேட்.

இதில் எனக்கு ரொம்ப உறுத்திய விஷயம் வேற. அந்தச் சட்டத்தை அவர்கள் ‘தற்காலிகச் சட்டம்’ என்றுதான் கொண்டுவந்தார்கள். சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது நல்லாவே தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் “இப்போதைக்கு இருக்கட்டும்”னு போடுற ஹாட்ஃபிக்ஸ், பத்து வருஷம் கழிச்சும் ப்ரொடக்ஷனில் ஓடிட்டிருக்கும். இந்தத் தற்காலிகச் சட்டம் 30 வருஷம் ஓடியது.

நடுவில் 1863-ல் ஒரு கப்பல் கல்கத்தாவில் இருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை செயின்ட் க்ராய்க்குக் கொண்டுவந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தக் கூலிகள். உள்ளூர் ஆட்கள் போதவில்லை என்பது தோட்ட முதலாளிகளின் வாதம். அந்த ஏற்பாடு ஒரே கப்பலோடு நின்றுவிட்டது. ஒப்பந்தம் முடிந்ததும் பெரும்பாலானவர்கள் திரும்பிவிட்டார்கள்.

அக்டோபர் 1, 1878

வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் தொழிலாளிக்குத் தோட்டம் மாற வாய்ப்பு. அந்த நாளில் எல்லாரும் ஊருக்கு வருவார்கள். அது ஒருவகைத் திருவிழாவும்கூட. 1878 அக்டோபர் 1-ம் தேதியும் ஃப்ரெட்ரிக்ஸ்டெட்டில் அப்படித்தான் கூட்டம் சேர்ந்தது.

ஆனால் அந்த வருஷம் மனசு கொதித்துப் போயிருந்தது. சட்டக் கூலி முப்பது வருஷமாக ஏறவில்லை. தீவை விட்டு வேறு தீவுக்கு வேலை தேடிப் போகலாம்னா, அதற்கான பாஸ்போர்ட் தருவதில் இழுத்தடிக்கிறார்கள் என்ற குறையும் இருந்தது. ஆமாம், 1878-லேயே பாஸ்போர்ட் பிரச்சினை. பிடித்துக்கொண்டு போன ஒரு தொழிலாளி இறந்துவிட்டார் என்ற வதந்தியும் அன்றைக்குப் பரவியது. கூட்டம் கோட்டையை முற்றுகையிட்டது. கையில் இருந்தது கல்லும் கழியும்தான். கோட்டைக்குள் நுழைய முடியவில்லை. ராத்திரிக்குள் ஊரின் பெரும்பகுதி தீப்பிடித்து எரிந்தது.

அடுத்த சில நாட்களில் தீ கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. சுமார் 50 தோட்டங்கள் எரிந்தன. தீவு மக்கள் இதை இன்றைக்கும் ‘ஃபயர்பர்ன்’ என்றுதான் சொல்கிறார்கள்.

அரசு ராணுவத்தை அனுப்பியது. பிடிபட்டவர்களில் 12 பேரை ராணுவ நீதிமன்றம் அங்கேயே விசாரித்துச் சுட்டுக் கொன்றது. மொத்தத்தில் தொழிலாளர் தரப்பில் சுமார் 60 பேர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள்.

ராணின்னா யார்?

இந்தக் கலகத்தின் முன்வரிசையில் பெண்கள் இருந்தார்கள். ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை. கரும்பு வயலில் பெண்களும் ஆண்களுக்குச் சமமாக வேலை பார்த்தவர்கள்தான்.

தோட்டத் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒருத்தியை ‘ராணி’ என்று தேர்ந்தெடுப்பது அங்கே வழக்கம். விழாக்களை முன்னின்று நடத்துவது, ஆட்களை ஒன்று சேர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இன்றைய பாஷையில் சொன்னா, கம்யூனிட்டி லீடர். ஆட்களைத் திரட்டத் தெரிந்தவர்களிடம்தான் 1878-ல் தலைமையும் போய்ச் சேர்ந்தது.

மேரி தாமஸ், அதாவது குயின் மேரி, ஆன்டிகுவா தீவில் இருந்து பிழைப்புக்காக வந்தவர். இன்னொரு ஊரில் இருந்து வேலைக்கு வந்த பெண், நம்மளை மாதிரியே. கூடவே குயின் ஆக்னஸ், குயின் மெட்டில்டா. பாட்டிலும் கதையிலும் பல காலம் மூணு ராணிகள்தான். டேனிஷ் ஆவணங்களைத் தோண்டிய பிறகு சுசானா ஆப்ரஹாம்சன் என்ற நாலாவது பேரும் சேர்ந்தது.

நால்வரையும் 1882-ல் கடல் கடந்து டென்மார்க்குக் கொண்டுபோய், கோபன்ஹேகனில் பெண்கள் சிறையில் அடைத்தார்கள். வெயில் தீவில் வாழ்ந்தவர்களுக்கு அங்கே ஐந்து குளிர்காலம். 1887-ல் திருப்பிக் கொண்டுவந்து, மீதித் தண்டனையை செயின்ட் க்ராயில் கழிக்க வைத்தார்கள்.

என்ன பலன்? 1879-ல் அந்தத் ‘தற்காலிக’ச் சட்டம் போனது. ஆட்டோ-ரின்யூ போனது. கூலியைப் பேசி முடிவுபண்ணலாம் என்று ஆனது. வறுமை உடனே போய்விடவில்லை. 1915-16-ல் டேவிட் ஹாமில்டன் ஜாக்சன் தொழிற்சங்கம் கட்டி வேலைநிறுத்தம் நடத்த வேண்டியிருந்தது. ஆனால் வேலையை விட்டுப் போக வருஷத்தில் ஒரே ஒரு நாள் என்ற நிலை முடிந்தது.

விலை: 2.5 கோடி டாலர்

இப்போ எங்க முதல் கேள்விக்கு வருவோம். நமக்கு ஏன் அங்கே விசா வேண்டாம்?

முதல் உலகப் போர் நடந்த நேரம். இந்தத் தீவுகள் ஜெர்மனி கைக்குப் போய்விடுமோ என்று அமெரிக்காவுக்குப் பயம். டென்மார்க்குக்கோ சர்க்கரையில் லாபம் இல்லை. 2.5 கோடி டாலருக்கு விலை பேசி, 1917 மார்ச் 31-ல் கொடி மாற்றினார்கள். விற்கலாமா என்று டென்மார்க்கில் பொது வாக்கெடுப்பு நடந்தது. தீவில் இருந்தவர்களுக்கு அதில் ஓட்டு இல்லை. அமெரிக்கக் குடியுரிமை கிடைக்க 1927 வரை பத்து வருஷம் ஆனது. இன்றைக்கும் அங்கே வசிப்பவர்களுக்கு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஓட்டு கிடையாது.

எங்க வீக்கெண்டைச் சுலபமாக்கிய அந்த விசா விலக்கு இந்த விற்பனையில் இருந்துதான் வந்தது.

எச்1பி லாட்டரியில் பேர் விழுந்தவங்களுக்கு அக்டோபர் 1 இன்னொரு காரணத்துக்காகவும் மறக்காது. அந்தத் தேதியில் இருந்துதான் அந்த விசாவில் வேலை தொடங்க முடியும். அமெரிக்க அரசின் நிதியாண்டு அன்னைக்குத் தொடங்குது, அவ்வளவுதான். தேதி ஒத்துப்போவது தற்செயல். எங்க நிலைமையும் அவங்க நிலைமையும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. எங்களுக்கு ஏ.சி. ரூமில் நல்ல சம்பளம், கம்பெனி மாறவும் வழி இருக்கு. ஆனா வேலை போனா 60 நாளுக்குள் வழி பார்க்கணும்னு தெரியும்போது, பிடிக்காத மேனேஜரிடம் வாயை மூடிட்டு இருக்கிற பழக்கம் தானா வந்துடும். ஒரு ஒப்பந்தத்தில் சம்பளத்தைப் போலவே, அதை விட்டு எப்படி வெளியே வர்றது என்பதும் முக்கியம். குயின் மேரி கதை எனக்கு அதைத்தான் புரிய வெச்சுது.

போகப் போறவங்களுக்கு

ஃப்ரெட்ரிக்ஸ்டெட்டில் அந்தச் சிவப்புக் கோட்டை அப்படியே இருக்கு, ஃபோர்ட் ஃப்ரெட்ரிக். 1848 கூட்டமும் 1878 கூட்டமும் நின்றது அதன் முன்னால்தான். தோட்ட வாழ்க்கையைப் பார்க்க விம் மியூசியம், கடலுக்கு பக் ஐலண்ட். வண்டி நம்ம ஊர் மாதிரி இடது பக்கம் ஓட்டணும். விசா வேண்டாம் என்றாலும் பாஸ்போர்ட்டும் விசா பேப்பர்களும் கையில் வேணும், ஏன்னா திரும்பி வரும்போது அங்கே ஏர்போர்ட்டில் செக் பண்ணுவாங்க. கொலம்பஸ் டே லீவு அங்கே வேற பேரில் வருது: விர்ஜின் ஐலண்ட்ஸ்-போர்ட்டோ ரிக்கோ நட்பு நாள்.

குயின் மேரிக்கு கோபன்ஹேகனிலும் ஒரு சிலை வந்தது. 2018-ல் ஜெனட் ஏலர்ஸ், லா வான் பெல் என்ற ரெண்டு பெண் கலைஞர்கள் செய்தது. ஏழு மீட்டர் உயரம், நாற்காலியில் நேராக உட்கார்ந்திருக்கும் பெண். வைத்த இடம், ஒரு காலத்தில் தீவுச் சர்க்கரையை இறக்கி வைத்த பழைய கிடங்கின் வாசல்.

இந்த எபிசோடைச் சென்னையிலோ பெங்களூரிலோ கேட்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க ஆஃபர் லெட்டரை ஒருமுறை எடுத்துப் பாருங்க. நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், பாண்ட் இருக்கா, முன்னாடியே கிளம்பினா எவ்வளவு கட்டணும்? கையெழுத்துப் போடும்போது யாரும் அந்தப் பக்கத்தைப் படிக்கிறதில்லை. படிச்சுட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.