நீலகிரி காட்டுப்புறா

நீலகிரி காட்டுப்புறா என்பது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும், பழங்களை முதன்மை உணவாகக் கொண்ட ஒரு புறா இனமாகும். இதன் அறிவியல் பெயர் கொலம்பா எல்பின்சுட்டோனி. 1819 முதல் 1827 வரை பம்பாய் மாகாண ஆளுநராக இருந்த மவுண்ட்சுட்டுவர்ட் எல்பின்சுட்டனின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது.

உடலமைப்பு

இப்பறவை 36 முதல் 42 சென்டிமீட்டர் வரை நீளம் உடையது. தலையும் அடிப்பகுதியும் சாம்பல் நிறமாகவும், முதுகு செம்பழுப்பாகவும் இருக்கும். பிடரியில் சதுரங்கப் பலகை போன்று அமைந்துள்ள கருப்பு வெள்ளைக் கட்டங்களைக் கொண்டு இதனை எளிதில் இனங்காணலாம். இதே காடுகளில் வாழும் மலைப்புறாவுக்கு இக்கட்டங்கள் இல்லை. இதன் ஆழ்ந்த "ஊ" என்னும் ஒலி மந்தியின் குரலை ஒத்திருக்கும்.

வாழிடம்

மகாராட்டிரம் முதல் தென்கேரளம் வரையுள்ள பசுமைமாறாக் காடுகளிலும், நீலகிரி, ஆனைமலை, பழனி மலைச் சோலைகளிலும் காணப்படுகின்றது. பெங்களூருக்கு அருகேயுள்ள நந்தி மலையிலும் ஒரு சிறு தொகுதி உண்டு. பழுக்கும் பருவத்திற்கேற்ப இப்பறவைகள் இடம் மாறுகின்றன.

உணவு

மர உச்சிகளில் அமர்ந்து பழங்களை முழுதாக விழுங்கும். இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த சோலை மரங்களின் பழங்கள் இதன் உணவில் சிறப்பிடம் பெறுகின்றன. சிலவேளைகளில் தரையில் இறங்கி நத்தைகளையும், கனிமச் சத்துள்ள மண்ணையும் உண்பதுண்டு. பல காட்டு மரங்களின் விதைகள் பரவுவதில் இப்புறாவுக்கு முக்கியப் பங்கு உண்டு எனக் கருதப்படுகின்றது.

இனப்பெருக்கம்

பெரும்பாலும் மார்ச்சு முதல் சூலை வரை கூடு கட்டுகின்றது. சுள்ளிகளை மேலோட்டமாக அடுக்கிய தட்டுப் போன்ற கூட்டில் ஒரேயொரு வெள்ளை முட்டை இடும். பிற புறாக்களைப் போலவே தாய், தந்தை இரண்டும் தீனிப்பையில் சுரக்கும் பாலைக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன.

காப்பு நிலை

தேயிலை, காப்பித் தோட்டங்களுக்காகச் சோலைக்காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. அவற்றைச் சூழ்ந்திருந்த புல்வெளிகளில் சீகை, தைல மரங்கள் நடப்பட்டன. இம்மரங்கள் இப்புறாவுக்கு உணவாகும் சதைப்பற்றுள்ள பழங்களைத் தருவதில்லை. எனவே மலை பசுமையாகத் தோன்றினும் இப்புறாவுக்கு அங்கு உணவில்லை. முற்காலத்தில் இறைச்சிக்காகவும் வேட்டையாடப்பட்டது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதனை வேட்டையாடுவது குற்றமாகும். கூட்டுக்கு ஒரு முட்டை மட்டுமே இடுவதால், எண்ணிக்கை குறைந்த இடங்களில் இவ்வினம் மீண்டும் பெருகுவதற்கு நெடுங்காலம் ஆகும். எஞ்சியுள்ள சோலைகளைக் காப்பதே இப்புறாவைக் காக்கும் முதன்மையான வழியாகும். விதை பரப்பும் பறவைகள் இன்றி அச்சோலைகள் புதுப்பிக்கப்படுவதும் கடினமாகும்.