தரை வீடா, அடுக்குமாடியா? மஞ்சோங் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களும் வீட்டுரிமையும்

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில் லூமுட், ஸ்ரீ மஞ்சோங், சித்தியவான், ஆயர் தாவார் ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இங்கே வீடு தேடும் இளம் தம்பதியருக்குப் பெரியவர்கள் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: ‘சின்னதா இருந்தாலும் தரை வீடா வாங்கு.’ இதைப் பழைய மண்ணாசை என்று ஒதுக்குவோர் உண்டு. நில விலை ஏறும் என்ற கணக்காக விளக்குவோரும் உண்டு. இரு விளக்கங்களும் போதா. இந்த விருப்பத்தின் வேர் தோட்ட வரலாற்றில் உள்ளது. அதன் இன்றைய நியாயமோ, வீட்டுச் செலவை எப்போது செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ரப்பர் தோட்டத்து லயன் வீடு வேலையோடு ஒட்டியது. பால்மரம் வெட்டும் கை ஓய்ந்தால் கூரையும் போகும். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த தோட்டத் துண்டாடலை, அதாவது பெருந்தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்டதை, பொருளியலாளர் உங்கு அசீஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் துறை ஆராய்ந்தது. தோட்டம் கைமாறியபோது தொழிலாளர் இழந்தது கூலியை மட்டுமன்று. பிறந்து வளர்ந்த அறையையும்தான். சுங்கை சிப்புட்டில் பிறந்த அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இந்தப் பின்னணியில்தான். தொழிலாளர்கள் சிறு தொகைகளாகச் செலுத்திய பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. எனினும் அந்தப் பங்கு கூட்டுச் சொத்தின் மீதான உரிமை. குடியிருந்த அறைக்குத் தனிப்பட்டா அன்று. லூமுட் கடற்படைத் தளத்தின் குடியிருப்புகளும், வசதியில் எவ்வளவு மேம்பட்டிருந்தாலும், இந்த ஒரு கூறில் லயனை ஒத்தவை: பணி முடிந்தால் சாவியை ஒப்படைக்க வேண்டும்.

அடுக்குமாடி இந்தக் குறையைச் சட்டப்படி தீர்க்கிறது. 1985ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா பட்டாச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப்பட்டா உண்டு. படிக்கட்டு, மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி போன்ற பொதுச் சொத்து, உரிமையாளர் அனைவரும் உறுப்பினராக உள்ள நிர்வாகக் கழகத்தைச் சேரும். ஆகவே அடுக்குமாடிக்காரர் வாடகைக் குடியிருப்பாளர் ஆகார். வாக்குரிமை உள்ள பங்காளி ஆவார். லயனில் எவருக்கும் இல்லாத உரிமை இது.

ஆனால் இந்தப் பங்காளித்தனத்துக்கு மாதந்தோறும் விலை உண்டு. எடுத்துக்காட்டாக, 900 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு 25 காசு பராமரிப்புக் கட்டணம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 225 ரிங்கிட். பெரும்பழுதுக்கான ஒதுக்கு நிதி வழக்கப்படி அதில் பத்து விழுக்காடு. ஆக 247 ரிங்கிட் 50 காசு. பத்தாண்டில் இது 29,700 ரிங்கிட் ஆகிறது. தரை வீட்டுக்கும் செலவு இல்லாமல் இல்லை: கூரை ஒழுகும், கறையான் அரிக்கும், சாக்கடை அடைக்கும். தொகையைவிடக் காலமே இங்கு முக்கியம். தரை வீட்டுக்காரர் இந்த ஆண்டு ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டு, போனஸ் வந்த பிறகு கூரையை மாற்றலாம். அடுக்குமாடிக்காரருக்கு அந்தத் தவணை இல்லை.

2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் விதிகள் இதை மேலும் கூர்மையாக்குகின்றன. கட்டணப் பாக்கி உள்ள உரிமையாளர் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்க இயலாது. நிர்வாகக் கழகத்தின் நோக்கில் இது நியாயமே. கொடுப்பவர் கொடாதவரைச் சுமக்க முடியாது. ஆனால் கூடுதல் நேர வேலையையும் குத்தகை வேலையையும் நம்பி வாழும் குடும்பம், வருமானம் குறைந்து கட்டணத்தைக் குறைக்கக் கோர வேண்டிய அதே வேளையில் பேசும் பலத்தை இழக்கிறது. பெரியவர்களின் அறிவுரையில் உள்ள பொருளியல் இதுவே.

கோலாலம்பூரில் இந்த வாதம் வலுவிழக்கும். அங்கே அடுக்குமாடி வேலையிடத்துக்கு அருகில் இருக்கும். மிச்சமாகும் பயணச் செலவும் நேரமும் கட்டணத்தை ஈடுகட்டும். சித்தியவானிலிருந்து லூமுட் படகுத்துறைக்கு அரை மணிக்குள் போய்விடலாம் என்பதால், மஞ்சோங்கில் அந்த ஆதாயம் சிறிது.

எனினும் ‘தரை வீடு’ என்ற சொல்லையே நம்பிவிடவும் கூடாது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி மாநில அரசு நிலத்தை நிரந்தரமாகவும் வழங்கலாம், 99 ஆண்டுக்கு மேற்படாத குத்தகையாகவும் வழங்கலாம். குத்தகையில் முப்பது ஆண்டே எஞ்சிய தரை வீடு, பேரனுக்குப் போய்ச் சேரும் மண் ஆகாது. மேலும் ஸ்ட்ராட்டா பட்டாச் சட்டத்தின் 2007ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வேலியிட்ட குடியிருப்பின் தரை வீட்டுக்கும் ஸ்ட்ராட்டா பட்டா இருக்கலாம். அங்கே மண்ணில் கால் வைத்தாலும் கட்டணம் மாடிக்குரியதே.

எனவே கட்டடத்தின் வடிவத்துக்கு முன் பட்டாவின் வகையையும், எஞ்சிய ஆண்டுகளையும், அடுக்குமாடியாயின் நிர்வாகக் கழகத்தின் கணக்கறிக்கையையும் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் நிலையாக வரும் குடும்பத்துக்கு, கணக்கு ஒழுங்காக உள்ள அடுக்குமாடி தாழ்ந்த தேர்வன்று. வருமானம் ஏறி இறங்கும் குடும்பத்துக்குத் தரை வீடே தகும். ஒழுகும் கூரையின் கீழ் வாளியை வைத்துக் காத்திருக்கும் உரிமையும் அதன் விலைக்குள் அடக்கம்.