பெயரில்லாத மீனும் பட்டியலின் அதிகாரமும்

1

பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பில் மாயாறு வந்து சேரும் பக்கம் என் பெரியப்பா பரிசல் போட்டு மீன் பிடித்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஒருநாள் நான் ஏதோ சுற்றுச்சூழல் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் அளந்துகொண்டிருந்தபோது சொன்னார்: “மாயாத்துல கூன் வெச்ச கெண்ட ஒண்ணு இருந்துச்சுப்பா. வாலு செவந்து கெடக்கும். ஒத்த ஆளாத் தூக்க முடியாது. இப்ப வலையில வர்றதில்ல. அதெல்லாம் நீங்க எழுதற கணக்குல வருமா?”

நான் சிரித்து மழுப்பினேன். கணக்கில் அந்த மீன் வரவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அழிவைக் கணக்கெடுக்கும் கருவிகளின் வரலாற்றை நான் வாசிக்கத் தொடங்கியது அந்தக் கேள்வியிலிருந்துதான். ஓர் உயிர் ‘ஆபத்தில் இருக்கிறது’ என்று சொல்லும் உரிமை யாருக்கு? எந்த அளவுகோலால்? அந்த அளவுகோலுக்குள் வராத உயிரின் கதி என்ன?

2

நம் பகுதியின் முதல் பட்டியல்களை எழுதியவர்கள் வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களுமே. 1873இல் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, இராணுவ மருத்துவரான ஃபிரான்சிஸ் டே இந்தியா, பர்மா நன்னீர் மீன்களைப் பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கை. மற்றது, சென்னை மாகாண சிவில் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் எழுதிய தூண்டில் நூல். டேயின் அறிக்கை சிறுகண் வலைகளையும் வாய்க்கால் பொறிகளையும் குற்றம் சொல்கிறது. அதாவது, மீன் குறைவதற்குக் காரணம் மீன் பிடிக்கும் சுதேசி. தாமஸின் நூலில் மகசீர் என்னும் பெருங்கெண்டை, துரைமார் தூண்டிலுக்குத் தகுந்த ‘வீர’ மீனாக உருவெடுக்கிறது.

1879இல் நீலகிரிக்கு மட்டுமான வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது ‘வேட்டை உயிர்’ என்று வரிசைப்படுத்தியவற்றைப் பாருங்கள்: காட்டெருமை, கடமான், வரையாடு, கேளையாடு, மான் வகைகள், முயல், காட்டுக்கோழி, மயில், கௌதாரி, காடை. காட்டெருமையின் பெயர் அமெரிக்கச் சமவெளி மிருகத்தின் பெயராகவும், வரையாட்டின் பெயர் ஆல்ப்ஸ் மலை ஆட்டின் பெயராகவும் அந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நம் மலையின் மிருகம் பாதுகாக்கப்படுவதற்கு முன்னால் வேறு மலையின் மிருகமாக மாற வேண்டியிருந்தது. பட்டியலுக்கு வெளியே புலி, சிறுத்தை, செந்நாய். இவற்றின் தலைக்குப் பரிசுப் பணம். இதே செந்நாய் இன்று உலகச் சிவப்புப் பட்டியலில் அழியும் நிலையில் இருக்கும் உயிர்.

ஓடைகளின் கதை இன்னும் விசித்திரம். குளிர்ந்த மலை ஓடைகளில் துரைமார் தேடிய மீன் இல்லை. எனவே அவை ‘வெறுமையான’ ஓடைகளாகக் கருதப்பட்டன. 1863இல் டேயே டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்று தோற்றார். அந்த முயற்சி நாற்பதாண்டுகளுக்கும் மேல் இழுத்து, எச்.சி. வில்சன் காலத்தில் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகமாக நிலைபெற்றது. ஓடையில் ஏற்கனவே இருந்த சிறு மீன்கள், தவளைகள், பூச்சிகள் யாருடைய கணக்கிலும் இல்லை. ஏன்னா அவற்றைத் தூண்டிலில் கோத்துப் படம் எடுத்துக்கொள்ள முடியாது.

‘வெறுமை’ என்பது இங்கே இயற்கையின் நிலை அல்ல, பார்வையின் நிலை. ஃபூக்கோ 1966இல் எழுதிய ‘சொற்களும் பொருட்களும்’ நூலில், கண்ணுக்குத் தெரிவதைப் பெயராக்கும் செயலாக இயற்கை வரலாற்றை வாசிக்கிறார். நீலகிரியில் நடந்தது அதன் காலனியப் பதிப்பு. இங்கே பெயர் சூட்டியவன் கையில் துப்பாக்கியும் இருந்தது.

3

சரி, இதெல்லாம் காலனியம். விடுதலைக்குப் பிந்தைய அறிவியல் கருவிகள் வேறல்லவா என்று கேட்கலாம். வேறுதான். அதை மறுப்பது சோம்பேறித்தனம்.

1981இல் ஜேம்ஸ் கார் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஓடைகளை மதிப்பிட ஒரு குறியீட்டை முன்வைத்தார். தண்ணீரைக் குடுவையில் எடுத்து வேதியியல் பார்ப்பதற்குப் பதிலாக, ஓடையில் வாழும் மீன் கூட்டத்தையே சாட்சியாகக் கூப்பிட்டார். மொத்தம் எத்தனை வகை, மாசைத் தாங்காத வகை எத்தனை, எதைத் தின்கின்றன, நோய் கண்டவை எத்தனை என்று பன்னிரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1, 3 அல்லது 5 மதிப்பெண். கூட்டினால் 12லிருந்து 60 வரை. அமெரிக்க மத்திய மேற்குப் பகுதி ஓடைகளுக்காகச் செய்த இந்தக் கருவியை வேறு இடத்துக்கு அப்படியே தூக்கிச் செல்ல முடியாது. அந்தந்த வட்டாரத்தில் சிதைவு குறைந்த ஓடை எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும், அதோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் சிக்கலும் இங்கேயேதான். மலையில் பைக்காரா என்ற பெயரில் ஓடும் ஆறே கீழே மாயாறு. பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1932. பவானிசாகர் அணை முடிந்தது 1955. அதற்கு முந்தைய ஆற்றை எந்தக் குறியீடும் அளக்கவில்லை. ஒப்பிடுவதற்கான ‘சிதையாத ஆறு’ இனி எங்கே இருக்கிறது? என் பெரியப்பா போன்றவர்களின் நினைவில். நினைவுக்கு மதிப்பெண் கட்டம் கிடையாது.

சிவப்புப் பட்டியலின் கதையும் இதுவே. 1994இல் அது எண்களைத் தன் இலக்கணமாக்கிக்கொண்டது. பத்தாண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில் எத்தனை விழுக்காடு குறைந்தது, பரவியிருக்கும் பரப்பு எத்தனை சதுர கிலோமீட்டர் என்ற வரையறைகள் வந்தன. பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்குக் கீழே சுருங்கி, சிதறலும் சரிவும் சேர்ந்தால் உயிர் மிகத் தீவிர ஆபத்து வகைக்குள் போகும். உலகம் முழுவதையும் ஒரே கணக்கில் பார்த்தால் வட்டார இழப்பு மறைந்துவிடும் என்பதால் 2003இல் வட்டார மதிப்பீட்டுக்கான வழிகாட்டு நெறிகளும் வந்தன. 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் நன்னீர் உயிர்கள் பற்றிய மதிப்பீடு வெளியானது. மீன், நத்தை, தும்பி, நீர்த்தாவரம் என 1,146 வகைகளை எடுத்துக்கொண்ட அந்த அறிக்கையில் ஆபத்துக்குள்ளானவை சுமார் 16 விழுக்காடு. மீன்களை மட்டும் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

அதே 2011இல் மாதவ் காட்கில் குழு தன் அறிக்கையை ஒப்படைத்தது. மலைத்தொடர் முழுவதையும் ஏறக்குறைய 9 கிலோமீட்டருக்கு 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டது. மக்களிடம் கேட்டு எல்லைகளை முடிவு செய்ய வேண்டும் என்று சொன்ன அறிக்கையை, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் போராடி 2012இல்தான் மக்கள் பார்க்க முடிந்தது. இந்த முரணைத் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று: ஓடை கட்டம் அல்ல, கோடு. மேல் கட்டத்தில் விஷம் கலந்தால் கீழ்க் கட்டத்தில் மீன் மிதக்கும். நன்னீர் மதிப்பீடு கட்டத்தை விட்டு நீர்ப்பிடிப்புகளை அலகாகக் கொண்டது இந்தக் காரணத்தால்தான். அலகைத் தேர்ந்தெடுப்பது வெறும் தொழில்நுட்பம் அல்ல, அரசியல்.

4

இனி கூன் மீன். காவிரிப் படுகைக்கே உரிய இந்த மகசீர், உலகின் மிகப் பெரிய நன்னீர் மீன்களுள் ஒன்று. 1946இல் கபினியில் 120 பவுண்டு மீன் ஒன்று தூண்டிலில் பிடிபட்டது. தாமஸ் காலத்திலிருந்தே தூண்டில்காரர்கள் இதை அறிவார்கள். இருந்தும் இதன் அறிவியல் பெயர் தெளிவில்லாமலே கிடந்தது. சிவப்புப் பட்டியலின் முதல் நிபந்தனை பெயர். பெயரில்லாதது ஆபத்தில் இருக்க முடியாது!

இதற்கிடையில் 1970களில் லோனாவலாவில் ஒரு மின் நிறுவனத்தின் பொரிப்பகத்தில் வேறொரு மகசீரை, நீலத் துடுப்பு உள்ளதை, செயற்கையாக இனப்பெருக்கம் செய்தார்கள். 1839இல் சைக்ஸ் புனே பக்கத்து ஆற்றிலிருந்து விவரித்த மீன் அது. அதன் குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன. ‘மகசீரைக் காப்போம்’ என்ற நல்ல நோக்கம்தான். அந்த நீல மீன் பட்டியலில் ‘அழியும் நிலை’ என்று இருந்தவரை அதைப் பெருக்குவது புண்ணியம். அந்தப் புண்ணியத்தின் நிழலில் காவிரியின் சொந்த மீன் ஒதுங்கியது.

இது எப்படி வெளியே வந்தது? கர்நாடகக் காவிரிக் கரைத் தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பிடிபாட்டுக் குறிப்பேடுகளால். அவற்றை 2015இல் ஆய்வாளர்கள் வாசித்தபோது மொத்த மகசீர் குறையவில்லை, கூடியிருந்தது. ஆனால் கூன் மீன் சரிந்துகொண்டே போயிருந்தது. ‘மகசீர்’ என்ற ஒரே சொல்லால் எண்ணியவர்களுக்கு வளர்ச்சி. பிரித்து எண்ணியவர்களுக்கு மரணம். 2018இல், மாயாற்றிலிருந்து கிடைத்த மாதிரிகளின் துணையோடு, இந்த மீனும் அமராவதியின் துணையாறான பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட டோர் ரேமாதேவியையும் ஒன்றே என்று தெளிவானது. அதே ஆண்டு அது மிகத் தீவிர ஆபத்து வகையில் சேர்ந்தது. நீல மீனோ, கவலை குறைந்த வகைக்கு இறங்கியது. தாமஸுக்கும் பட்டியலுக்கும் இடையே 145 ஆண்டுகள்.

5

பட்டியல்கள் எல்லாம் அதிகாரத்தின் சொல்லாடல், தூக்கி எறி என்று முடித்துவிடுவது சுலபம். நம் சிறுபத்திரிகைச் சூழலில் அதற்குக் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அந்த மீன் செத்துக்கொண்டிருந்தது பட்டியலில் இருந்ததால் அல்ல, இல்லாததால். அணையை எதிர்த்து, மணல் அள்ளுவதை எதிர்த்து, வெடி போட்டு மீன் பிடிப்பதை எதிர்த்து மனு எழுதுகிறவனுக்கு அந்த ஒற்றை வகைப்பெயர்தான் கையில் கிடைக்கும் ஆயுதம்.

நான் கேட்பது வேறு. தூண்டில்காரரின் குறிப்பேடு பதினைந்தாண்டில் ஆவணமாகிறது. பரிசல்காரரின் ஐம்பதாண்டு நினைவு ஏன் கதையாகவே நின்றுவிடுகிறது? கூனையும் சிவந்த வாலையும் சொன்னபோது என் பெரியப்பா வகைப்பாடுதான் செய்துகொண்டிருந்தார். “இப்ப வலையில வர்றதில்ல” என்றபோது சரிவு விகிதத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நினைவு தவறும், மிகைப்படுத்தும், உண்மைதான். டேயின் அறிக்கையும் தவறியது. லோனாவலாவின் நல்லெண்ணமும் தவறியது. தவறுகிற கருவிகளை ஒன்றோடொன்று மோதவிட்டுத்தான் அறிவியலே நடக்கிறது. அந்த மோதலுக்குள் மீனவர் நுழைய இடமில்லை என்பதே என் புகார். வட்டார மதிப்பீடு என்று சொல்கிறோம். வட்டாரத்தில் ஆறு இருக்கிறது, மீன் இருக்கிறது. அங்கே வாழ்கிறவன் மட்டும் ‘அச்சுறுத்தல்’ என்ற கட்டத்துக்குள்ளேயே நிற்கிறான். 1873இலும் அவன் அங்கேதான் நின்றான்.

2018க்குப் பிறகு பெரியப்பாவிடம் போய், உங்கள் மீனுக்குப் பெயர் கிடைத்துவிட்டது, கணக்கில் வந்துவிட்டது என்று சொல்ல ஆசை. அவர் இல்லை. இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்: “பேரு கெடக்கட்டும். தண்ணி விட்டாங்களா?”